கதையில் வேலு, ஊரில் தனக்கோடி

ஆரணி,
17.8.2025, ஞாயிறு.

அன்பு மகள் இளமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருப்பதாகத்தான் நீ போனில் சொல்கிறாய், நான் அதில் பாதியைத்தான் நம்புகிறேன். போன வாரம் பேசியபோது உன் மூக்கு அடைத்திருந்தது, என்ன என்று கேட்டதற்கு ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். டப்ளினில் உங்கள் வீட்டில் ஏசி எங்கே இருக்கிறது? மாப்பிள்ளையிடம் நைசாகக் கேட்டுவிட்டேன், இங்கே கம்பளிதான் அத்தை, ஏசி எல்லாம் கிடையாது என்று அவர் பாவம் உண்மையைச் சொல்லிவிட்டார். ஆக நீ அழுதிருக்கிறாய். எதற்கு அழுதாய் என்பதும் எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ யோசிப்பாய். போனில் பேசினால் நீ முதலில் அழுவாய், நான் உருகிப்போய்ச் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன், முப்பது வருஷமாக அப்படித்தானே நடக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால் எனக்கும் அப்பாவுக்கும் ஒரே போன், நான் குளிக்கப் போனால் அவர் எடுத்துப் பார்க்கிறார், கண்ணாடி கிடைக்காவிட்டால் தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறார். அதனால் இதை எழுதி, கவரின் வாயை நானே ஒட்டி, அதன்மேல் டேப் போட்டு, டேப்பின்மேல் என் கையெழுத்தையும் போட்டுக் கூரியரில் தரப்போகிறேன். அந்தக் கூரியர் கடைக்காரன் பார்வையும் எனக்குச் சரியாகப் படவில்லை. டேப் பிரிந்திருந்தால் உடனே எனக்குச் சொல்.

முதலில் உன் புத்தக விஷயம். நாவல் வெளிவந்து மூன்று மாதம் ஆகிறதாமே, ஊருக்கெல்லாம் வந்த புத்தகம் பெற்றவளுக்கு ஏன் வரவில்லை? நம் தெருவில் இருக்கிற பரிமளா, நூலகத்தில் வேலை செய்கிறாளே, அவள்தான் ஒருநாள் பூ வாங்க நின்ற இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, உங்க பொண்ணு புக்கு போட்டுக்கீது, நீங்க வாயே தொறக்கலியே" என்றாள். எனக்குத் தெரியும், நான்தான் சொல்லவில்லை என்று சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன்னைக் கேட்டால் பப்ளிஷர் அனுப்புவார் என்றாய், இரண்டாம் தடவை கேட்டதற்குத் தபாலில் தொலைந்திருக்கும் என்றாய், மூன்றாம் தடவை, சின்னப் புத்தகம்தான்மா, உனக்குப் பிடிக்காது என்றாய். நீ ஒன்றாம் வகுப்பில் எழுதிய சிலேட்டைக்கூடப் பத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியவள் நான். நீ எழுதியது எனக்குப் பிடிக்காது என்று நீயே முன்கூட்டிச் சொன்னால், அதில் எனக்குத் தெரியக் கூடாதது என்னவோ இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே பரிமளாவிடம் போய் நூலகப் பிரதியை வாங்கி வந்துவிட்டேன்.

உன் அப்பா செய்ததைக் கேள். விஷயம் தெரிந்ததும் இருபத்தைந்து பிரதி வரவழைத்து, ஆளுக்கு ஒன்றும் கூடவே மைசூர்பாகு டப்பாவும் கொண்டுபோய் நெசவாளர் சொசைட்டிக்காரர்கள், பட்டுக் கடைக்காரர்கள், பல் டாக்டர் வரைக்கும் கொடுத்துவிட்டார். அவர் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. அட்டையையும் பின்னால் இருக்கிற உன் போட்டோவையும் பார்த்ததோடு சரி. நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்துகிற தமிழ்வாணன் சார் வீட்டுக்கே வந்து, "குற்ற உணர்ச்சி, துரோகம், மீட்சி, மூணையும் ஒரு சின்னப் பொண்ணு வளர்ற கதைக்குள்ள வெச்சிருக்காம்மா உங்க பொண்ணு, படிச்சிட்டு ரெண்டு நாள் தூக்கம் வரல" என்று சொன்னபோது, அப்பா என்னமோ தனக்குப் பரிசு கொடுத்த மாதிரி எழுந்து நின்று கும்பிட்டார். யாருடைய துரோகம் என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அங்கே நிற்கவே முடியாமல், காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நான் மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கதையாகப் படித்தேன், இரண்டாம் தடவை பென்சிலோடு படித்தேன், மூன்றாம் தடவை நம் பழைய காலண்டர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். ஊர்ப் பெயரை நீ எழுதவில்லை, கோட்டை மைதானத்தைப் பழைய மைதானம் என்று மாற்றிவிட்டாய். தீபா என்கிற பதினாறு வயதுப் பெண் கிராஃப் தாளில் ஓர் அன்னம் வரைகிறாள். அவள் அப்பா அதைத் தன் டிசைன் என்று போட்டிக்கு அனுப்பிப் பரிசு வாங்குகிறார். கோபத்தில் அந்தப் பெண், டிசைன் அட்டைகளை ஒரு பவர்லூம்காரனிடம் கொடுத்துவிடுகிறாள். பழி, வீட்டுத் தறியில் நெய்கிற வேலு என்பவன்மேல் விழுகிறது. அவன் ஊரை விட்டுப் போகிறான். பெண் வாய் திறக்கவில்லை. இருபது வருஷம் கழித்து வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்கிறாள், அவன் அழுது அவள் தலையைத் தடவி, குழந்தை செஞ்சதும்மா என்கிறான். நூலகத்தில் படித்த பெண்பிள்ளைகள் எல்லாம் அந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகப் பரிமளா சொல்கிறாள்.

கதையில் வருவதெல்லாம் நிஜமா என்று நீ என்னைக் கேட்கலாம். அந்தச் சமாளிப்பை மற்றவர்களிடம் வைத்துக்கொள், என்னிடம் வேண்டாம். ஓட்டை குத்திய டிசைன் அட்டைகளை நம்பர் வரிசையில் நூலால் கோர்த்துத் தறிமேல் இருக்கிற ஜக்கார்டில் ஏற்றினால்தான் சேலையில் பறவை விழும் என்றும், ஓர் அட்டையைப் பின்பக்கமாகத் திருப்பிக் கோர்த்துவிட்டால் அந்த ஒரு வரி மட்டும் இடம் வலமாக மாறிவிடும் என்றும் நாற்பத்தேழாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். தீபா அப்படி ஓர் அட்டையைத் திருப்பிக் கோர்த்ததில் அன்னத்தின் கண் வால் பக்கம் போய்விடுகிறது. நீ பிளஸ் ஒன் படித்த வருஷம் நம் வீட்டில் நீயும் நானும் உட்கார்ந்து கோர்த்த அட்டையில் கிளியின் கண் வாலுக்குப் போயிற்று. உலகத்தில் எத்தனை தறி இருந்தாலும் வாலில் கண் இருந்த பறவை அது ஒன்றுதான். கிளியை அன்னமாக மாற்றினால் எனக்குத் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தாயா?

அந்தத் தப்பைக் கண்டுபிடித்தவர் நம் தனக்கோடி அண்ணன் என்பது உனக்கு மறந்திருக்காது. நம் வீட்டுத் தறியில் பதினோரு வருஷம் நெய்தவர், உன்னைத் தோளில் தூக்கிப் பால்வாடிக்குக் கொண்டுபோய் விட்டவர். அட்டையை ஏற்றி ஒரு முழம் நெய்ததுமே பார்த்துவிட்டு, கோபிக்காமல் உன்னைக் கூப்பிட்டு, "இன்னா பாப்பா, உன் கிளி பின்னாடி பாத்துகினே பறக்குது" என்று சிரித்தார். அந்த அட்டையை அவிழ்த்துச் சரியாகக் கோர்த்துவிட்டு அப்பாவிடமும் அவரே போய்ச் சொன்னார். அதுவே அவருக்கு வினையாக வந்தது. ஒன்றரை மாதம் கழித்து தசரதனின் பவர்லூமிலிருந்து அதே கிளி, அதே பார்டர், வாலில் கண்ணோடு பாதி விலைக்குக் கடைக்கு வந்துவிட்டது. நாம் அனுப்பிய சேலைகளைச் சென்னைக் கடைக்காரர் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். அப்பா தசரதன் சேலை ஒன்றை வாங்கி வந்து கூடத்தில் விரித்துப்போட்டுவிட்டு, என்னைத் தவிர இந்தத் தப்பு இருந்தது தெரிந்தவன் ஒருத்தன்தான், தறியும் அட்டையும் அவன் பொறுப்பு, அவன்தான் கொடுத்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். அந்தத் தப்பைச் செய்தவளுக்கும் அது தெரியுமே என்று அவருக்குத் தோன்றவில்லை. நீ அப்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய்.

உன் புத்தகத்தில் எனக்கு மிகவும் ஆத்திரம் வந்த இடத்தைச் சொல்கிறேன். தீபாவின் அம்மா. அந்தப் பெண்பிள்ளைக்கு உலகத்தில் எதுவும் தெரியாது, எப்போது பார்த்தாலும் டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டு தூங்கி வழிகிறாள், மகள் பையில் அட்டைக் கட்டைத் திணித்துக்கொண்டு அவள் முன்னாலேயே வெளியே போகிறாள், அவளோ பார்த்துப் போம்மா என்கிறாள். இப்படி ஒருத்தி ஆரணியில் இருக்கிறாளா? பால்காரன் தண்ணீர் கலக்கிறானா என்று தினமும் மோந்து பார்க்கிறவள் நான். தக்காளி எடை போடும்போது தராசைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள். என் மகளின் பை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தால் எனக்குத் தெரியாதா?

எனக்குத் தெரியும், இளமதி. அட்டையைத் தறியில் ஏற்றுவதற்கு முந்தின நாள் நீ அதை வெளியே கொண்டுபோனது அன்று சாயங்காலமே தெரியும். அட்டைக் கட்டைப் பழைய புடவைக் கிழிசலால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு டிரங்குப் பெட்டிமேல் வைத்தவள் நான். நீ பள்ளிக்கூடம் விட்டு ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லி ஆறரைக்கு வந்தாய். அதன்பிறகு நான் பார்த்தபோது கட்டின் மேலே கடைசி நம்பர் அட்டை இருந்தது, கிழிசல் உன் ரிப்பன் மாதிரி பூ முடிச்சாகப் போடப்பட்டிருந்தது. தோழிகளிடம் காட்டிப் பெருமையடித்துவிட்டு வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். அப்பா பார்த்தால் திட்டுவாரே என்று உன் முடிச்சை அவிழ்த்து என் முடிச்சைப் போட்டு வைத்தேன். அதுதான் நான் செய்த முதல் காரியம். ஒன்றரை மாதம் கழித்து அந்தச் சேலை கூடத்தில் விரிந்தபோது நான் உன் முகத்தைப் பார்த்தேன், நீ தரையைப் பார்த்தாய், எனக்கு அந்தப் பூ முடிச்சு ஞாபகம் வந்துவிட்டது. அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அப்பா உன் படிப்பை அதோடு நிறுத்திவிட்டு உன்னைத் தறியில் உட்கார வைத்துவிடுவார், தை பிறந்ததும் மாப்பிள்ளை பார்ப்பார் என்று பயந்தேன். உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்றால் இன்னொருவர் போக வேண்டும் என்று ஆனபோது, நான் யோசிக்கவே இல்லை, தனக்கோடி அண்ணனை விட்டுக்கொடுத்துவிட்டேன்.

நீ தசரதனிடம் ஏன் போனாய் என்பதும் எனக்குப் பின்னால் புரிந்தது. பொங்கல் போட்டியில் கேடயம் வாங்கிய அன்று மேடையில் அப்பா உன் பெயரைச் சொல்லவில்லை. அது உன் கிளி, இரண்டு மாதம் பரீட்சைக்குப் படிக்காமல் நீ வரைந்தது. தசரதன் இளமதி டிசைன் என்று லேபிள் போட்டு விற்கிறேன் என்று உன் காதில் பூ சுற்றியிருக்கிறான். புத்தகத்தில் அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு உன்மேல் கோபம் போய் அப்பாமேல் வந்தது. அதெல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறாய், அங்கே பென்சில் கோடு போட எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு காட்சியை நீ எழுதவில்லை. புத்தகத்தில் வேலு ஒரே நாளில் மூட்டை முடிச்சோடு பஸ் ஏறிவிடுகிறான். நம் ஊரில் அப்படியா நடந்தது? நான் செய்யவில்லை என்று தனக்கோடி அண்ணன் சொன்னதற்கு, அப்படியானால் அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய் என்று அப்பா சொன்னார். வெள்ளிக்கிழமை, தெருவே கூடி நின்றது. அவர் கொஞ்சம்கூடத் தயங்காமல் எரிகிற கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அணைத்தார். அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். கற்பூரம் ஏற்றியதும் நான்தான். நீ எனக்குப் பின்னால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். இதைப் போய் நீ எப்படி மறப்பாய்? மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறாய். எழுதினால் தட்டைப் பிடித்தவள் யார் என்று எழுத வேண்டும், அவள் முகத்தை எழுத வேண்டும். ஆகவே எனக்குத் தெரியும் என்பது உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. நான் முடிச்சை மாற்றியதை நீ பார்த்திருக்கிறாய். பதினைந்து வருஷமாக நான் உன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்தேன், நீ என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்தாய், நடுவில் வாராவாரம் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று பேசிக்கொண்டோம். இப்போது என்னைக் காப்பாற்றத்தான் அந்த அம்மாவைத் தூங்குமூஞ்சியாக ஆக்கியிருக்கிறாய் என்று நினைக்கும்போது எனக்கு அழுகையும் வருகிறது, உன்னை இரண்டு அறை அறைய வேண்டும் போலவும் இருக்கிறது. அந்தத் தயவு எனக்கு வேண்டாம்மா.

கற்பூரம் அணைத்த பிறகும் அவருக்கு ஆரணியில் ஒருவரும் தறி கொடுக்கவில்லை, டிசைன் திருடன் என்ற பேர் முன்னாலேயே போய் நின்றது. அதிலிருந்து ஏழாம் மாதம் அவர் மனைவி மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். அப்போது நீ பிளஸ் டூ படிக்கச் சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாய், சாவுக்கு நான் போயிருந்தேன். பொய்ச் சத்தியம் பண்ணினான், அம்மன் பெண்டாட்டியை எடுத்துக்கொண்டாள் என்று பந்தலிலேயே பேசினார்கள். அவர் மகள் காவ்யா, ஒன்பது வயது, அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை உனக்கு இத்தனை வருஷம் சொல்லாமல் மறைத்தேன், உன் படிப்பு கெடும் என்று முதலில் மறைத்தேன், அப்புறம் மறைத்தது பழக்கமாகிவிட்டது.

உன் புத்தகத்தை மூன்றாம் தடவை மூடி வைத்த மறுநாள், வந்தவாசியில் ஒரு கல்யாணம் என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். தனக்கோடி அண்ணன் இப்போது தெள்ளாரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன், மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறார். என்னைப் பார்த்ததும், "இன்னா அண்ணி, இவ்ளோ தூரம்" என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு உட்கார எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், உன் புத்தகத்தையும் கொடுத்தேன். அவர், வந்தவாசி மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிற காவ்யா வரட்டும், படித்துக் காட்டுவாள், அடுத்த ஞாயிறு வாங்க என்று மட்டும் சொன்னார். நான் போன ஞாயிறு திரும்பவும் போனேன்.

இளமதி, நீ எழுதிய மாதிரி அவர் அழவில்லை, என் தலையையும் தடவவில்லை. புத்தகம் மடியில் இருந்தது. "கதை நல்லாத்தான் கீது அண்ணி. பாப்பா நல்லா எழுதிக்கீது. ஆனா இதுல வேலுன்னு இன்னாத்துக்குப் போட்டுச்சி?" என்று கேட்டார். கதையில் அப்படித்தான் பேரை மாற்றுவார்கள் என்று நான் இழுத்தேன். "திருடன்னு சொன்னப்ப என் பேரைச் சொன்னாங்களே. திருடலன்னு சொல்றப்ப மட்டும் வேற பேரா?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஊரு நம்புனா நம்பிட்டுப் போவட்டும், நான் பேஜார் படல. என் பொண்ணே நம்பிகினு கீது அண்ணி. ஒரு நாளும் என்னைக் கேட்டதில்ல. ஆனா அவங்க அம்மா திதி அன்னிக்கு என் கையால சோறு வாங்க மாட்டா" என்றார். இதை அவர் சொன்னபோது காவ்யா உள்ளே தண்ணீர் மோந்துகொண்டு இருந்தாள்.

நான் எழுந்து அவளிடம் போனேன். உங்க அப்பா செய்யலம்மா, என் பொண்ணு செஞ்சது, எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அவள் சொம்பைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தாள். "கற்பூரத் தட்டைப் புடிச்சிகினு நின்னது நீங்கதானே ஆன்ட்டி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப உங்க பேச்சை எப்படி நம்புறது? அன்னிக்கி எங்க அப்பாக்கு எதிரா நின்னீங்க, இன்னிக்கி உங்க பொண்ணு பேரு வாங்கிடுச்சின்னு புண்ணியம் தேட வர்றீங்களா? செஞ்சவங்க வாயால, எங்க அப்பா பேரைச் சொல்லி, நாலு பேரு எதிர்ல சொல்லட்டும்" என்றாள். சந்தேகப்படுவதில் நான்தான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு இருந்தேன், அந்தப் பெண்ணுக்கு அதை நாங்கள் எல்லாம் சேர்ந்து ஒன்பது வயதிலேயே கற்றுக்கொடுத்துவிட்டோம். தண்ணீர் மட்டும் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கே அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று பயந்து பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். அவர் கத்தவே இல்லை. மீதி இருந்த ஆறு புத்தகத்தையும் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார், அன்று சாப்பிடவில்லை. புதன்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பட்டு நூல் விஷயமாகப் போளூர் வரைக்கும் போய் வருகிறேன் என்று கிளம்பினார். போளூரில் இவருக்கு எந்த நூல் விஷயமும் கிடையாது. திரும்பி வந்து சட்டையைக் கழற்றிப் போட்டதும் பாக்கெட்டைப் பார்த்தேன், தெள்ளார் போன டிக்கெட் இருந்தது, வந்த டிக்கெட்டும் இருந்தது. மண்டபத்து வாசல்வரை போயிருக்கிறார், உள்ளே போகத் தைரியம் வரவில்லை. எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு வந்ததாக, துருவித் துருவிக் கேட்டபிறகு ஒத்துக்கொண்டார். "அவன் நாற்காலி அடுக்கிகினு இருந்தான் பூங்காவனம். பாத்துட்டு வந்துட்டேன்" என்றார். நாற்பது வருஷத்தில் இந்த மனிதர் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மேடையில் உன் பெயரைச் சொல்லாமல் விட்டதையும் அவரே எடுத்துப் பேசினார். அதை அவர் வாயாலேயே உனக்குச் சொல்லட்டும், நான் எழுதக் கூடாது.

இப்போது உன் விஷயம். செப்டம்பர் பதினான்காம் தேதி நூலக ஹாலில் உன் நாவலுக்குக் கூட்டம், நீ அங்கிருந்து வீடியோவில் பேசப்போகிறாய் என்று தமிழ்வாணன் சார் நோட்டீஸ் அடித்துவிட்டார். சொசைட்டிக்காரர்கள், நம் தெருக்காரர்கள், அன்று கோயிலில் நின்றவர்களில் பாதிப் பேர் வருவார்கள். நீ என்ன பேச எழுதி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது, கற்பனை, அனுபவம், எழுத்து என்று நன்றாகவே எழுதி வைத்திருப்பாய். அதை வைத்துவிட்டு இதைச் சொல். அட்டையைக் கொடுத்தவள் நான், தனக்கோடி மாமா இல்லை. அவ்வளவுதான், ஒரு வரி. பேரைச் சொல்லாமல் அந்த நெசவாளி, அந்தப் பெரியவர் என்று சுற்றி வளைத்தால் நான் விடமாட்டேன். உன் வேலை போய்விடாது, மாப்பிள்ளை நல்லவர், புத்தகத்தைப் படித்தவர்கள் உன்னைக் கொஞ்ச நாள் ஏசுவார்கள், ஏசட்டும். நான் அதே ஹாலில் எழுந்து என் பங்கைச் சொல்லத்தான் போகிறேன், நீ பேசினாலும் சொல்வேன், பேசாவிட்டாலும் சொல்வேன். என் பங்கைச் சொன்னால் உன்னுடையதும் தெரிந்துவிடும். அது என் வாயிலிருந்து வர வேண்டாம் என்றுதான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். நான் சொன்னால் காவ்யா நம்பமாட்டாள்.

இதை எழுதிக்கொண்டு இருக்கும்போதே போன் அடித்தது, காவ்யாதான். என் நம்பர் அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று முதலில் எனக்குச் சந்தேகம்தான் வந்தது, அவள் மெடிக்கல் ஷாப்பில் பரிமளாவின் சொந்தக்காரி ஒருத்தி வேலை செய்கிறாளாம். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை. "ஆன்ட்டி, நோட்டீஸ் பாத்தேன், கூட்டத்துக்கு அப்பாவைக் கூட்டிகினு வரலாம்னு இருக்கறேன். அவருக்கு நல்ல சட்டை இல்ல, இன்னிக்கிதான் வெள்ளைச் சட்டை ஒண்ணு எடுத்தேன். எத்தினி மணிக்கு வரணும்?" என்று கேட்டாள். உன்னிடமிருந்து எனக்கு ஒரு வாக்கும் இல்லை, நீ சொல்வாயா மாட்டாயா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனாலும் பத்தரைக்கு வா, முன் வரிசையில் இரண்டு நாற்காலி போட்டு வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நீ என் வயிற்றில் பிறந்தவள், உன்மேல் எனக்கு ஆசை குறையவே குறையாது, நீ எது செய்தாலும் குறையாது, அதை நினைத்துப் பயப்படாதே. குழந்தைக்கு என் முத்தம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. நீ நூறு வயது நல்லபடி இருக்க வேண்டும், நிம்மதியாகத் தூங்கி எழுந்து இருக்க வேண்டும். இங்கே பத்தரை என்றால் அங்கே விடியற்காலை ஆறு மணி, மறந்துவிடாமல் அலாரம் வைத்துக்கொள்.

உன் வரவை எப்போதும் பார்த்திருக்கும்
அம்மா,
ஜெ. பூங்காவனம்.